நான்கு நூல் குறைவு

இளங்கலைத் தமிழ் முதலாண்டு மாணவர்களுக்கு நன்னூல் நடத்தும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னுடையதாகவே இருந்து வருகிறது. பொதுப்பாயிரத்தில் நூலுக்குப் பெயர்க்காரணம் கூறும் இடம் வரும்போது வகுப்பில் சற்று நேரம் நின்று விளக்குவேன். பஞ்சிலிருந்து இழை திரிப்பதைப் போலச் சொற்களிலிருந்து ஆக்கப்படுவது என்பது ஒரு காரணம். தச்சன் நூலிட்டுப் பார்த்து மரத்தின் கோணலை நீக்குவதைப் போல மனிதர் மனத்தின் கோணலை நீக்குவது என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது கரும்பலகையில் வளைந்த மரம் ஒன்றையும் அதன்மேல் ஒரு நேர்கோட்டையும் வரைந்து காட்டுவது என் வழக்கம்.

அத்தோடு நிறுத்திக்கொள்வேன். அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. தச்சர்களும் கொத்தனார்களும் மோட்டார் பட்டறைக்காரர்களும் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை நூல் என்றே சொல்வார்கள். ‘ரெண்டு அங்குலம் நாலு நூல்’ என்றால் இரண்டரை அங்குலம். இந்தப் பொருளைப் பவணந்தி முனிவரிடமிருந்து நான் கற்கவில்லை. மதுரையில் வைகைக்கு வடகரையில் இருந்த என் சித்தப்பாவின் பட்டறையில் கற்றேன். கற்ற நாளைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிடமும் பேசியதில்லை. சென்ற பொங்கல் விடுமுறையில்தான் பேச முடிந்தது.

*

1994 மே மாதம். எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லவிருந்தேன். கோடை விடுமுறை முழுவதும் சித்தப்பா வீட்டில்தான் இருப்பேன். வீட்டின் முன்புறமே பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண்தரை, ஓரமாக ஒரு வேப்பமரம். அக்காலத்தில் மதுரையின் வாடகைக் கார்களில் பெரும்பாலானவை அம்பாசிடர்கள்தாம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயக் காரின் வழிவந்த அந்த வண்டியை வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்துவந்தது. அதன் 1489 சி.சி. எஞ்சினைச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சின்னப் பட்டறைகளில் அப்போது எஞ்சின் ஸ்டாண்டு என்பது அரிய பொருள். வண்டியிலிருந்து இறக்கிய எஞ்சினை ஒரு பழைய லாரி டயரின்மேல் உட்கார வைத்து, அதைச் சுற்றிக் குந்தியபடியே வேலை செய்வார்கள். அடிப்பக்கம் பார்க்க வேண்டுமானால் இரண்டு பேர் சேர்ந்து புரட்ட வேண்டும். பிளாக்கும் ஹெட்டும் முழுக்க வார்ப்பிரும்பு. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 150 கிலோ. முப்பத்தைந்து வயதிலேயே சித்தப்பாவுக்கு இடுப்புவலி வந்துவிட்டது. எங்கோ ஒரு பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வந்து, தெருமுனை லேத் பட்டறையில் அதேபோல் ஒன்றைச் செய்வித்தார். நிமிர்ந்து நிற்கும் ஒரு இரும்புத் தூண். அதன் உச்சியில் படுக்கைவாக்கில் ஒரு தடித்த குழாய் வளையம். அதற்குள் சுழலக்கூடிய இன்னொரு குழாய். அதன் முகப்பில் நான்கு கைகள் கொண்ட ஒரு தட்டு. அந்த நான்கு கைகளையும் எஞ்சினின் பின்முகத்தில், கியர்பாக்ஸ் வந்து ஒட்டும் இடத்தில், நான்கு போல்ட்டுகளால் பூட்டிவிட்டால் எஞ்சின் அந்தரத்தில் நிற்கும். பிடியைத் திருப்பினால் எஞ்சின் தலைகீழாகும். நின்றபடியே வேலை செய்யலாம். ஸ்டாண்டு வந்த அன்று சித்தி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தது நினைவிருக்கிறது.

அது வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. திருமணச் சவாரிக்கு முன்பணம் வாங்கிவிட்ட டாக்ஸிக்காரர் ஒருவர் காலையிலிருந்தே பட்டறை வாசலில் நின்றிருந்தார். சித்தப்பா எஞ்சினைச் செயின் புளாக்கில் தொங்கவிட்டு, தட்டைப் பின்முகத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “டேய், டப்பாவுல நாலு போல்ட்டு எடுத்தா. மூணு அங்குலம். நாலும் ஒரே நீளம் பாத்து எடு.”

நான் வேப்பமரத்தடியில் பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தில் மூழ்கியிருந்தேன். வாடகை நூலகத்துப் புத்தகம். மாலைக்குள் திருப்ப வேண்டும். எரிச்சலோடு எழுந்துபோய் டப்பாவைக் கவிழ்த்தேன். மூன்று அங்குலத்தில் மூன்று கிடைத்தன. நான்காவது கண்ணில் படவில்லை. அதே தடிமனில், சற்றுக் குட்டையாக ஒன்று கிடந்தது. மற்றவற்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அரை அங்குலம் குறைவு. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே நான்கையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் புத்தகத்திற்குத் திரும்பினேன். நாலு கேட்டார், நாலு கொடுத்தாயிற்று என்பதே அப்போதைய என் நியாயம்.

பூட்டி முடித்துச் சங்கிலியைத் தளர்த்தினார்கள். எஞ்சின் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் வேலையும் நடந்தது. பிறகு அடிப்பக்கத்து ஆயில் சேம்பரைக் கழற்றுவதற்காக எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினார் சித்தப்பா. நான் கேட்ட ஓசை பெரிதாக இல்லை. பாக்கு வெட்டியில் கொட்டைப்பாக்கு உடைவதைப் போன்ற ஓசைதான். அதன் பின்னால் வந்ததே பெரிய ஓசை. நிமிர்ந்து பார்க்கும்போது எஞ்சின் ஒரு பக்கமாகத் தொங்கி ஸ்டாண்டையும் சாய்த்துக்கொண்டு தரையில் கிடந்தது. தூணுக்கும் சேம்பர் விளிம்புக்கும் நடுவில் அவருடைய இடது கை.

பெரிய ஆஸ்பத்திரியில் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் இரண்டிரண்டு கணுக்களை எடுத்துவிட்டார்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் சித்தப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்: “அவசரத்துல நான் போல்ட்டு மாத்தி எடுத்துட்டேன்.” என்னை ஒருமுறைகூடப் பார்க்காமல் அதைச் சொன்னார். என் அப்பாவிடமும் அப்படியே சொன்னார். பிழைத்தோம் என்றுதான் அந்த வயதில் முதலில் நினைத்தேன். பின்னர்தான் அது கனக்கத் தொடங்கியது. அவர் விபூதி பூசும்போதும், பந்தியில் இலையைத் திருப்பிப் போடும்போதும், என் திருமணத்தில் தாம்பூலத் தட்டை ஏந்தியபோதும் என் கண் அந்த இடது கைக்கே போயிற்று. அவருக்குத் தெரிந்துதான் மறைத்தாரா, தெரியாமலேயே தன்மேல் போட்டுக்கொண்டாரா என்பது எனக்கு விளங்கவேயில்லை. கேட்டால் எது வெளிவரும் என்ற அச்சத்தில் கேட்கவுமில்லை.

ஸ்டாண்டு காயலான் கடைக்குப் போயிற்று. சித்தப்பா மறுபடியும் டயரின்மேல் எஞ்சினை வைத்துக் குந்திக்கொண்டார்.

*

இப்போது பட்டறையை நடத்துவது சித்தப்பாவின் மகன். என்னைவிடப் பத்து வயது இளையவன்; பாலிடெக்னிக் படித்தவன். தரைக்குச் சிமெண்டு போட்டிருக்கிறான். சக்கரம் வைத்த எஞ்சின் கிரேன் ஒன்றும், நான்கு சக்கரமுள்ள எஞ்சின் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கியிருக்கிறான். பொங்கலுக்கு நான் போயிருந்தபோது ஓர் அம்பாசிடர் பிரிந்து கிடந்தது. தந்தையின் நினைவாகப் பழைய வண்டியை ஓடவைக்க விரும்பும் ஒருவர் கொண்டுவந்து விட்டிருந்தாராம். சித்தப்பா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடியில் இருந்தது; கண் வேலையில் இருந்தது.

தம்பி வேலை செய்வதை அன்று முதன்முறையாக முழுவதுமாகப் பார்த்தேன். எஞ்சினை இறக்குமுன் ஆயிலையும் ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்திருந்தான். கியர்பாக்ஸைப் பிரித்து, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றிவிட்டான். ஸ்டாண்டின் தட்டு பின்முகத்தோடு பொருந்த வேண்டுமானால் அங்கே துருத்திக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல் போயே ஆக வேண்டும். பூட்டிய பிறகு அதைக் கழற்ற வழியே இராது. சங்கிலியை முன்னும் பின்னுமாக இரண்டு உறுதியான இடங்களில் மாட்டியிருந்தான். கைக்கு எட்டுகிறதே என்று மேனிஃபோல்டிலோ மேல்மூடியிலோ மாட்டுகிறவர்கள் உண்டு, அவை இந்த எடையைத் தாங்குவதற்கு ஆனவை அல்ல என்றான். எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவனோ பட்டறைப் பையனோ காலையோ கையையோ அதன் அடியில் நீட்டவில்லை.

அடுத்து அவன் செய்தது எனக்குப் புதியது. ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்து எஞ்சினோடு மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, தட்டை அதன் குழாயோடு ஸ்டாண்டிலிருந்து உருவி எடுத்து, தொங்கும் எஞ்சினில் தனியாகப் பொருத்தினான். நான்கு கைகளின் நீளத்தையும் மாற்றி மாற்றி வைத்து, குழாயின் நடுமையம் கிராங்க் ஷாஃப்டின் மையத்துக்குச் சற்று மேலே வருமாறு அமைத்தான்.

“எதுக்குத் தம்பி மேல?”

“எஞ்சினோட கனம் கிராங்க்குல இல்லண்ணே, கொஞ்சம் மேல இருக்கு. அந்தக் கனத்தோட நடுவுல குழாய் இருந்தா, திருப்பும்போது ஒரு கையால திருப்பலாம். கீழ வச்சுட்டா பின்னை உருவுன உடனே தலைக்கனத்துல தானாச் சுத்தும். பிடி வந்து மூஞ்சில அடிக்கும்.”

பிறகு திரும்பாமலேயே சொன்னான்: “அண்ணே, அந்த டப்பாவுல நாலு போல்ட்டு எடுங்க.”

நான் சற்று நேரம் அசையவில்லை. நாற்காலிப் பக்கம் பார்க்கவும் துணியவில்லை. டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். இப்போதைய போல்ட்டுகளின் தலையில் எண் பொறித்திருக்கிறார்கள். 8.8 என்றிருந்தால் இழுவையில் அறுவதற்கு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 800 நியூட்டன் விசை வேண்டும். அதில் பத்தில் எட்டுப் பங்குவரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். எண் இல்லாத போல்ட்டு கதவுக் கீலுக்கு ஆகும், இதற்கு ஆகாது என்று தம்பி சொல்லியிருந்தான். இந்த எஞ்சினின் மரைகளோ அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. அதற்குரிய போல்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்குமாம். மில்லிமீட்டர்ப் போல்ட்டு சிலவேளை ஓரிரு சுற்று ஏறி, பொருந்தியதுபோல் நடித்துவிட்டு, மரையைத் தின்றுவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனி டப்பாக்களில் வைத்திருந்தான்.

நான்கு போல்ட்டுகளை எடுத்துத் தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, தலைகள் ஒரே கோட்டில் நிற்குமாறு அருகருகே வைத்தேன். நுனிகளைப் பார்த்தேன். குனிந்து மறுபடியும் பார்த்தேன்.

“நூல் பிடிச்சாப்புல வச்சிருக்கான் பாரு வாத்தியாரு” என்றார் சித்தப்பா.

தம்பி அவற்றை வாங்கி, தடித்த வாஷர்களைக் கோத்து, ஸ்பேனரைத் தொடாமல் முதலில் கையாலேயே முடுக்கினான். பட்டறைப் பையன் பக்கத்தில் நின்று சுற்றுகளை எண்ணினான். வார்ப்பிரும்பில் போல்ட்டின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்காவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது கணக்கு. கையால் பத்துச் சுற்றுக்குக் குறைந்து எந்தப் போல்ட்டாவது உட்கார்ந்துவிட்டால் அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் மேலே போகக்கூடாது என்பது அந்தப் பட்டறையின் விதி. நான்கும் பத்தைத் தாண்டிப் போயின. அதன் பிறகே ஸ்பேனர் வந்தது.

பிறகு கிரேனை மெல்ல நகர்த்திக் குழாயை ஸ்டாண்டின் வளையத்துக்குள் முழுவதுமாகச் செருகி, பின்னைப் போட்டான். ஸ்டாண்டின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தான். சங்கிலியை ஒரே மூச்சில் தளர்த்தாமல் விரற்கடை விரற்கடையாக இறக்கி, ஒவ்வொரு முறையும் நின்று காது கொடுத்தான். முழு எடையும் ஸ்டாண்டில் இறங்கிய பின்னரும் சங்கிலியைக் கழற்றவில்லை. தொய்வாக அப்படியே விட்டு வைத்து, எஞ்சினைக் கால் திருப்புத் திருப்பி, நிறுத்திப் பார்த்து, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தான். நான்கு போல்ட்டுகளையும் மறுபடி சோதித்தான். அதன் பிறகுதான் சங்கிலி கழன்றது.

“எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டேன். கேட்கக்கூடாத வாய் என்னுடையது.

“பூட்டும்போது கீழ இருக்குற போல்ட்டு திருப்பும்போது மேல வரும்ணே. எஞ்சின் முன்னால நீட்டிக்கிட்டு நிக்குதுல்ல? மேல இருக்குற ரெண்டைத்தான் அது பிடிச்சு இழுக்கும். கீழ இருக்குற ரெண்டையும் ஸ்டாண்டோட அமுக்கும். கீழ இருக்குறவரைக்கும் சொத்தைப் போல்ட்டும் நல்ல போல்ட்டு மாதிரிதான் நிக்கும்.”

முப்பது ஆண்டுகளாக விளங்காமலிருந்த ஒன்று அப்போது விளங்கிற்று. அன்று ஒரு மணி நேரம் எஞ்சின் ஏன் விழாமல் நின்றது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விழாமல் நின்றதையே என் பக்கத்துச் சாட்சியாக எனக்குள் வைத்தும் வாதாடியிருக்கிறேன். குட்டைப் போல்ட்டால்தான் விழுந்தது என்றால் உடனே விழுந்திருக்க வேண்டுமே! அது கீழ்வரிசையில் இருந்திருக்கிறது. திருப்பியபோது மேலே வந்திருக்கிறது. கடித்திருந்த இரண்டு நூல் மரை பெயர்ந்து வந்திருக்கிறது. என் தரப்பில் அதன்பிறகு வாதம் ஏதும் மிஞ்சவில்லை.

*

அன்று மாலை தம்பி வெளியே போயிருந்தான். சித்தப்பாவும் நானும் மட்டும் பட்டறையில் இருந்தோம். சித்தி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

“சித்தப்பா, அன்னைக்கு அந்தப் போல்ட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். குட்டைன்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன்.”

பல ஆண்டுகளாக மனத்துக்குள் நீண்ட முன்னுரையெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். வந்தது இரண்டே வாக்கியங்கள்.

அவர் காப்பியை முழுவதுமாகக் குடித்து முடித்தார். பிறகு இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, “எவ்வளவு குட்டை?” என்று கேட்டார்.

“அரை அங்குலம்.”

“நாலு நூலு” என்றார். “கையில முடுக்கும்போதே தெரிஞ்சுதுப்பா. மூணு போல்ட்டு பத்துப் பன்னெண்டு சுத்து போச்சு. அது நாலாவது சுத்துலயே உக்காந்துக்கிச்சு. எடுத்துப் பாக்கணும்னு தோணுச்சு. டாக்ஸிக்காரரு வாசல்ல நின்னுக்கிட்டு மணி என்னாச்சு, மணி என்னாச்சுன்னாரு. சரி, மூணு நல்லாப் பிடிச்சிருக்குல்லன்னு விட்டுட்டேன்.”

நான் ஒன்றும் பேசவில்லை.

“நீ சின்னப் பய. கொண்டாந்து கொடுத்த. கையில வாங்குனவன் நான், முடுக்குனவன் நான். உன்னையச் சொன்னா அண்ணன் உன்ன அடிச்சிருப்பாரு. அதுக்கப்புறம் நீ இந்தப் பக்கமே வந்திருக்க மாட்ட.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “உனக்கு அது ஞாபகம் இருக்காதுன்னுதான் நினைச்சிருந்தேன்.”

ஆகவே இருவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் சுமப்பது மற்றவருக்குத் தெரியாமலேயே இருவரும் சுமந்திருக்கிறோம். அவருடைய கணக்கில் என் பங்கு ஒன்றுமில்லை. அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய பங்கைக் காட்டி என்னுடையதைக் கழித்துக்கொள்வது, குட்டைப் போல்ட்டைக் கொடுத்துவிட்டு நாலுக்கு நாலு சரி என்று சொன்ன சிறுவனின் நியாயமேதான். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தபோது அவர் பின்னாலிருந்து கேட்டார்:

“பையன் சுத்தை எண்ணுனான் பாத்தியா? அந்த ஏற்பாடு என்னோடது.”

*

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. நன்னூல் வகுப்பில் பெயர்க்காரணம் வந்தபோது, வளைந்த மரத்தையும் நேர்கோட்டையும் வழக்கம்போல் வரைந்தேன். பிறகு அதன் கீழே ஒரு போல்ட்டின் படத்தையும் வரைந்து, நூல் என்பதற்கு வழக்கில் இன்னொரு பொருளும் உண்டு என்று சொல்லி அந்த அளவை விளக்கினேன். தேர்வுக்கு வருமா என்று ஒருவன் கேட்டான்; வராது என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். தகப்பனார் தச்சு வேலை செய்கிறவர் என்று முன்பே சொல்லியிருக்கிறாள்.

“ஐயா, அப்ப நாலு நூல்ங்கறது அரை அங்குலம். அவ்வளவுதானே?”

“ஆமாம்மா, அவ்வளவுதான்” என்றேன்.